அட்ரினலின் உள்ள ஊசியா, இல்லாத ஊசியா? இதயத் துடிப்புக் கோளாறும் பல் மருத்துவரின் மரப்பு மருந்துகளும்

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் பல் மருத்துவரிடம் வைக்கும் கோரிக்கை ஒன்று உண்டு: "அட்ரினலின் இல்லாத ஊசியாகப் போடுங்கள்." கேட்பதில் தவறில்லை. ஆனால் அட்ரினலின் இல்லையென்றால் பாதுகாப்பு, இருந்தால் ஆபத்து என்று கோடு கிழித்துவிட முடியாது. சிலருக்கு அந்தக் கோரிக்கை உயிர் காக்கும். வேறு பலருக்கு அது சிகிச்சையின் பாதியில் வலியைத்தான் கொண்டுவரும்.

முதலில், பரவலாகப் பயன்படும் மரப்பு மருந்தான லிடோகைனை எடுத்துக்கொள்வோம். 2 சதவீதக் கரைசலில் லட்சத்துக்கு ஒரு பங்கு அட்ரினலின் சேர்த்து வருவது வழக்கமான கலவை. 1.8 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் 36 மில்லிகிராம் லிடோகைனும் 0.018 மில்லிகிராம் அட்ரினலினும் இருக்கும். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை ஊசி போட்ட இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. அதனால் பல்லின் உட்கூழ் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மரத்துக் கிடக்கிறது, ரத்தக் கசிவும் குறைகிறது. அட்ரினலினை நீக்கிவிட்டால் லிடோகைன் சில நிமிடங்களிலேயே பல்லை விட்டுக் கலைந்துவிடும்.

இங்கே சந்தேகத்துக்கு உள்ளாவது லிடோகைன் அல்ல. கீழறைத் துடிப்புக் கோளாறுகளை அடக்க ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படும் மருந்தும் அதுதான். குற்றவாளிக் கூண்டில் நிற்பது அட்ரினலின். துடிப்பை வேகப்படுத்தும், இடைத்துடிப்புகளைத் தூண்டும் என்பது அதன் மீதான குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு உண்மையே, ஆனால் எவ்வளவு மருந்துக்கு என்று கேட்க வேண்டும். இதய நோயாளிக்கு ஒரு வருகையில் 0.04 மில்லிகிராம் அட்ரினலினைத் தாண்டக் கூடாது என்பது பல் மருத்துவத்தில் வேரூன்றிய வழக்கம். ஆரோக்கியமானவருக்கு அந்த வரம்பு 0.2 மில்லிகிராம். இதய நோயாளிக்கான வரம்பைக் குப்பிகளாக மாற்றினால், லட்சத்துக்கு ஒரு பங்குக் கரைசலில் ஏறத்தாழ இரண்டு குப்பிகள், இரண்டு லட்சத்துக்கு ஒரு பங்கு என்றால் நான்கு குப்பிகள் என்று கணக்கு வரும். 80,000க்கு ஒரு பங்கு என்ற கரைசலும் புழக்கத்தில் உண்டு. அதில் இரண்டாவது குப்பி முடிவதற்குள்ளேயே வரம்பு வந்துவிடும். 'இரண்டு ஊசி போடலாம்' என்று பொதுவாகச் சொல்வது போதாமல் போவது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது அட்ரினலின் இல்லாத 3 சதவீத மெபிவகைன். இது லிடோகைன் அளவுக்கு ரத்தக் குழாய்களை விரிக்காது. ஆகவே துணை மருந்தின்றியே ஓரளவு தாக்குப்பிடிக்கும். பல்லருகே போட்டால் சுமார் 20 நிமிடம், தாடை நரம்பையே மரக்கவைக்கும் நரம்புத் தடுப்பாகப் போட்டால் சுமார் 40 நிமிடம். சிறிய சொத்தை அடைப்புக்கு இது தாராளம். துடிப்பு எளிதில் கெடும் நோயாளிக்குச் சிறு வேலை என்றால் நானும் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வேர் சிகிச்சையோ கடைவாய்ப்பல் அறுவையோ என்றால் கதை மாறுகிறது. வேலை நடுவில் நிற்கும்போது மரப்பு தேய்ந்து வலி எடுத்தால், உடலே தன் அட்ரினலினைக் கொட்டத் தொடங்கும். அதற்கு எந்தக் குப்பியிலும் வரம்பு அச்சிடப்படவில்லை. மறுபடி ஊசி, அதன்பின் இன்னொன்று என்று போனால் ஒவ்வொரு குப்பியோடும் 54 மில்லிகிராம் மெபிவகைன் உள்ளே போகிறது. குழாய்கள் சுருங்காததால் அது விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. அளவு மீறிய மரப்பு மருந்து இதயத்தின் மின்கடத்தலையே மந்தமாக்கும். ஆக, நீண்ட வேலைக்கு, நோய் கட்டுக்குள் இருப்பவரிடம், குறைந்த அட்ரினலின் கலந்த ஒரு நல்ல ஊசிதான் அரைகுறையான மூன்று ஊசிகளைவிடப் பாதுகாப்பானது என்பது என் கணிப்பு.

நடுவழியும் ஒன்று உண்டு. சில நாடுகளில் பிரிலோகைனோடு ஃபெலிபிரெஸின் சேர்த்துத் தருகிறார்கள். ஃபெலிபிரெஸின் அட்ரினலின் ஏற்பிகளைத் தொடாமலே குழாய்களைச் சுருக்குவதால் துடிப்பைக் கிளப்பிவிடாது. ஆனால் அளவு கூடினால் இதயத் தமனிகளைச் சுருக்கக்கூடும். எனவே துடிப்புக் கோளாறோடு தமனி அடைப்பும் உள்ளவருக்கு இது ஒன்றும் இலவசச் சலுகை இல்லை. கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பார்கள். ரத்தக் கசிவையும் அட்ரினலின் அளவுக்குக் கட்டுப்படுத்தாது. நெடுநேரம் மரக்கவைக்கும் புப்பிவகைனைப் பற்றி ஒரு வரி போதும்: தவறி ரத்தத்தில் ஏறினால் இதயத்தைப் பிடித்துக்கொண்டு விடாத மருந்து, புருகாடா நோய்க்குறி என்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவற்றில் ஒன்று.

பேஸ்மேக்கர் என்ற சாதனத்துக்கு வருவோம். வழக்கமான அளவு மரப்பு மருந்து அதன் இயக்கத்தைக் குழப்புவதில்லை; அது கவனிப்பது மின்சமிக்ஞைகளை. ஆகவே சாதனத்தின் பொருட்டு அஞ்ச வேண்டியவை வேறு கருவிகள்: ஈறுகளை வெட்டப் பயன்படும் மின்சூட்டுக் கருவி, காந்தப்புலத்தால் இயங்கும் மீயொலிக் காரை நீக்கி. அழுத்தமின் முறையில் இயங்கும் காரை நீக்கி இவ்வகையில் நம்பகமானது. தானாக அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. பொருத்தியவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கணக்கு. அந்தச் சாதனம் துடிப்பின் வேகத்தை எண்ணுகிறது. துடிப்பு விறுவிறுவென ஏறினால் அதைக் கோளாறு என்று எண்ணி அதிர்ச்சி கொடுக்க வாய்ப்புண்டு. அண்மையில் அதிர்ச்சி வாங்கியவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் அவசரமற்ற பல் வேலையைத் தொடங்கவே கூடாது.

உண்மையில் தேர்வைத் தீர்மானிப்பது சாதனத்தைவிட, அதன் அடியில் இருக்கும் நோயும் நோயாளி விழுங்கும் மாத்திரைகளும்தான். புரோப்ரனலால் போன்ற, அட்ரினலின் செயல்படும் பீட்டா ஏற்பிகள் எல்லாவற்றையும் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கு அட்ரினலின் ஏறினால் ரத்த அழுத்தம் எகிறித் துடிப்பு தாழலாம். மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகையில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. இதய மருந்தான டிகாக்சின், மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் உட்கொள்பவர்களிடமும் அட்ரினலினை அளந்தே பயன்படுத்த வேண்டும். உணர்ச்சிவசப்பட்டாலோ ஓடினாலோ கீழறைத் துடிப்பு வெறிகொள்ளும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அட்ரினலினே அதன் தூண்டுகோல். அந்த நோயாளிக்கு அட்ரினலின் இல்லாத ஊசி கட்டாயம். பிறவியிலேயே ஈ.சி.ஜி.யில் கியூ.டி. என்ற இடைவெளி நீண்டவர்களிடமும் அந்தப் பக்கமே சாய்வது நல்லது.

மேலறை நடுக்கத்துக்காக ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்களிடம் கேள்வி எந்த மருந்து என்பதோடு நிற்காது, எங்கே ஊசி என்பதும் சேரும். கீழ்த்தாடை நரம்புத் தடுப்பு ஆழமான ஊசி. உள்ளே ரத்தம் கட்டினால் அழுத்திப்பிடிக்க வழியில்லை. முடிந்தால் பல்லருகே போடும் ஊசிக்கு மாறலாம். இதற்கு ஆர்டிகைன் கைகொடுக்கும்; எலும்புக்குள் நன்றாக ஊடுருவும், இரண்டு லட்சத்துக்கு ஒரு பங்கு அட்ரினலினோடும் கிடைக்கிறது. ஊசிக்காக அந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது பக்கவாதத்தை அழைப்பது.

கடைசியாக, போடும் விதம். ஊசியின் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்து, ஒரு குப்பிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து மெதுவாகச் செலுத்தினால் அட்ரினலினின் மீதான புகார்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஊசி போட்டவுடன் வரும் படபடப்பைப் பலர் 'எனக்கு மரப்பு மருந்து ஒவ்வாமை' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிவது தனிக் கதை. எலும்புக்குள் நேரடியாகச் செலுத்தும் முறையில் அட்ரினலின் சட்டென்று ரத்தத்தில் ஏறித் துடிப்பைக் கூட்டும். துடிப்புக் கோளாறு உள்ளவரிடம் அந்த முறைக்கு மெபிவகைனே பொருத்தம். பல்லுக்கு உறை செய்ய அச்செடுக்கும்போது ஈறை விலக்கச் செருகும் நூலிலும் அட்ரினலின் தோய்ந்திருக்கலாம், அதுவும் ஊசியில் உள்ளதைவிடப் பல மடங்கு செறிவில். ஊசியில் வேண்டாம் என்று கேட்டுவாங்கியவர் நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம். அலுமினியம் குளோரைடு தோய்ந்த நூல் கிடைக்கிறது.