அடிவாரக் கோடா, பள்ளத்தாக்கின் அகலமா, ஆற்றின் சரிவா?

ஒரு மலை இன்னும் உயர்கிறதா என்று நில உருவத்தை அளந்தே ஊகிக்கலாம். அதற்கு மூன்று எண்கள் உண்டு: முகப்பு (மலை சமவெளியைச் சந்திக்கும் விளிம்பு) எவ்வளவு வளைகிறது, பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம், ஓடை எவ்வளவு சரிவு. கலிபோர்னியாவில் கார்லாக் பிளவின் (பாறை உடைந்து இரு பக்கமும் நகரும் கோடு) வடக்கையும் தெற்கையும் நிலவியலாளர்கள் புல் (Bull), மெக்ஃபாடன் (McFadden) இருவரும் 1977-இல் ஒப்பிட்டது இவற்றில் முதலிரண்டை வைத்துத்தான். வடக்கே முகப்புகள் துடிப்பானவை, இன்னும் உயர்பவை. தெற்கே மொஹாவி பாலைவனத்தில் பெரும்பாலும் அடங்கிப்போனவை.

முகப்பு வளைவு எண் எளிது. அடிவாரக் கோட்டின் நீளத்தை முகப்பின் நேர்நீளத்தால் வகுத்தால் போதும். 1-ஐ ஒட்டினால் பிளவு ஜெயிக்கிறது. 3-ஐத் தாண்டினால் அரிப்பு. ஆனால் விடை கோடு வரைபவர் கையில் இருக்கிறது. 11.8 கி.மீ. முகப்பில் 14.2 கி.மீ. வரைந்தால் 1.20. ஓடை வாய்களுக்குள்ளெல்லாம் புகுந்து 18 கி.மீ. ஆக்கினால் அதே மலைக்கு 1.53! எல்லா முகப்புக்கும் ஒரே வரைபட அளவை, ஒரே விதி. இதில் தளரக் கூடாது.

பள்ளத்தாக்கு அகல-உயர விகிதத்தையே நான் அதிகம் நம்புவேன். தள அகலத்தை, இரு கரை முகடுகளும் தளத்துக்கு மேல் நிற்கும் உயரங்களின் சராசரியால் வகுக்க வேண்டும். தளம் 420 மீ. உயரத்தில், முகடுகள் 640, 600 மீ. உயரத்தில், தள அகலம் 60 மீ. என்றால் 60 ÷ 200 = 0.30. ஆழ வெட்டும் 'வி' வடிவம். இங்கே கவிழ்ப்பது 30 மீட்டர் கட்டங்களாக வரும் எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓட ராடார் அளந்த நில உயரத்) தரவு: 60 மீ. அகலம் இரண்டே கட்டம். ஒரு கட்டம் கூடினால் 0.45. 1-க்குக் கீழே என்பது மாறாது, ஆனால் பக்கத்து ஓடையோடு வரிசைப்படுத்த முடியாது. குறுகிய தளத்தை நாடா பிடித்தோ தெளிவான செயற்கைக்கோள் படத்திலோ அளப்பதே நல்லது. முகப்பிலிருந்து ஒரே தொலைவில், ஒத்த வடிநிலப் பரப்பும் (ஓடைக்கு நீர் வடியும் நிலம்) பாறையும் உள்ள ஓடைகளை மட்டும் ஒப்பிடுங்கள். வாய்க்கு அருகே எந்த ஓடையும் அகலும்.

மூன்றாவது, நிலவியலாளர் ஹேக் 1973-இல் தந்த ஓடை நீள-சரிவு எண்: சரிவை ஓடையின் தலையிலிருந்து உள்ள தொலைவால் பெருக்குவது. 500 மீட்டரில் 20 மீ. இறக்கம், தலையிலிருந்து 12 கி.மீ. என்றால் 0.04 × 12,000 = 480. ஓடை குவார்ட்சைட் போன்ற கடினப் பாறையைக் கடந்தாலே எண் எகிறும், பிளவே இல்லாவிட்டாலும். பாறை வகைகளைக் காட்டும் நிலவியல் வரைபடத்தை மேலே விரிக்காமல் இதைப் படிக்கவே கூடாது. நீளத்துக்குப் பதில் வடிநிலப் பரப்பைக் கொள்ளும் செங்குத்து எண் (ஓடையின் நீள்வாட்டு வடிவம் எவ்வளவு குழிந்தது என்பதற்கு 0.45 என்று எல்லா ஓடைக்கும் ஒரே மதிப்பைக் கொண்டு) ஓடைகளை ஒப்பிட மேல், பாறைச் சிக்கல் அதிலும் தீராது. கணக்கை வண்டல் விசிறியின் (ஓடை மலையை விட்டு இறங்கும் இடத்தில் விசிறிபோல் படியும் மணலும் கல்லும்) தலையோடு நிறுத்துங்கள். அதற்குக் கீழே ஓடை தன் மணலில்தான் சரிகிறது.