ஸ்காட்லாந்துக் குளிர்காலத்தில் கோல்ஃப்: ஆடைகள் குறித்த நீண்டகால அனுபவம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் குளிர்காலம் வந்துவிட்டதற்காக யாரும் கோல்ஃப் ஆடுவதை நிறுத்துவதில்லை. மணற்பாங்கான நிலம் மழைநீரை உடனே உள்வாங்கிக்கொள்வதால், உள்நாட்டுக் களிமண் மைதானங்கள் சேறாகி மூடப்படும் நாட்களிலும் ‘லிங்க்ஸ்’ எனப்படும் கடலோர மணல்நில மைதானங்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஒரு வகையில் இதுவே இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம். புல்வெட்டும் இயந்திரங்கள் வருவதற்கு முன்பு, கோடையில் புல் உயர்ந்து பந்தை மறைத்துவிடும் என்பதால், அது குட்டையாக இருக்கும் குளிர்மாதங்களிலேயே இங்குள்ளவர்கள் அதிகம் ஆடினார்கள். இப்பகுதியில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாக மஸ்ஸல்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் முதலிய இடங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை விடாமல் ஆடி வருகிறேன். அந்தக் காலத்தில் வாங்கி, உடுத்தி, பலமுறை துவைத்து, சிலவற்றைத் தேய்ந்த பின் மீண்டும் வாங்கிய ஆடைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பிரிட்டனிலோ கனடாவிலோ குடியேறி, ஆர்வத்துடன் இந்த ஆட்டத்தைக் கற்று, முதல் குளிர் வந்ததும் மட்டைகளை மூலையில் வைத்துவிடும் தமிழ் நண்பர்கள் சிலரை அறிவேன். அவர்களில் பிரிட்டனில் இருப்பவர்களாவது, சரியாக உடுத்தினால் ஆண்டு முழுவதும் ஆடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இக்கடற்கரையின் குளிரை வெப்பமானியை மட்டும் பார்த்து எடைபோட முடியாது. அது 5 டிகிரி செல்சியஸ் காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது 0 டிகிரியைப் போலவே உறைக்கும். அப்படிப்பட்ட காற்று இங்கே அடிக்கடி வீசுவது. அதோடு ஈரமும் சேர்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த ஆடை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உடலைக் காப்பதில்லை. அந்த ஈரம் மழையால் மட்டும் வருவதன்று. பையைத் தோளில் சுமந்து மணல்மேடுகளில் ஏறும்போது நம் முதுகிலிருந்தே ஊறுவது. ஓடுபவரின் உடல் தொடர்ந்து வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். ஓரத்தில் நின்று பார்ப்பவரின் உடல் தொடர்ந்து ஓய்ந்திருக்கும். கோல்ஃப் ஆடுபவரோ சில நிமிடங்கள் விரைந்து நடந்து வியர்த்து, அடுத்த டீயில் (ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்தில்) முன்னால் ஆடும் குழு நகரும் வரை காற்றில் அசையாமல் நின்று, பிறகு உடல் முழுவதையும் முறுக்கி ஒரே வீச்சில் பந்தை அடிக்க வேண்டியிருக்கிறது. தடித்த குளிர்க்கோட்டு ஒன்று நிற்கும்போது கதகதப்பைத் தரும். நடக்கும்போது வியர்க்க வைக்கும். அடிக்கும்போது தோளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நடப்பது, நிற்பது, அடிப்பது ஆகிய மூன்றுக்கும் பொருந்தும்படி மெல்லிய ஆடைகளை அடுக்காக அணிவதே ஒரே வழி.

அந்த அடுக்கில் தோலை ஒட்டியிருக்கும் உள்ளாடைக்கே நான் முதலிடம் தருவேன். பருத்தி பனியனைக் குளிர்காலத்தில் முற்றிலும் தவிர்த்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குப் பெருமை சேர்க்கும் ஈரம் உறிஞ்சும் குணமே இங்கு அதற்குக் கேடாகிறது, ஏனெனில் உறிஞ்சிய வியர்வையை அது எளிதில் விடுவதில்லை. என் அனுபவத்தில் மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் மெல்லிய கம்பளிக்கு நிகரானது வேறில்லை. அந்த இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உள்ளே ஈர்த்துக்கொண்டும் தோலுக்கு ஈரம் தெரியாமல் வைத்திருக்கும். ஈரத்தை ஈர்க்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். பல மணி நேரம் அணிந்தாலும் நாற்றம் பிடிப்பதில்லை. சதுர மீட்டருக்கு 150 கிராம், 200 கிராம், 250 கிராம் எனப் பல எடைகளில் கிடைக்கிறது. நடந்து ஆடுபவருக்கு 150 முதல் 200 கிராம் வரையே போதும். 250 கிராம் துணி, மேட்டில் ஏறும்போது மூச்சுமுட்டச் செய்கிறது. இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். விலை அதிகம், பையின் தோள்பட்டை உராயும் இடத்தில் 150 கிராம் துணி இரண்டு மூன்று பருவங்களில் மெலிந்து ஓட்டை விழுகிறது, கோடையில் மடித்து வைக்கும்போது அந்துப்பூச்சி அரிக்காமல் இறுக மூடிய பையில் வைக்க வேண்டும். பாலியெஸ்டர் உள்ளாடை இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, விரைவாகவும் உலர்கிறது. ஆனால் ஒரு பருவம் முடிவதற்குள் எந்தச் சோப்புக்கும் போகாத வாடை அதில் தங்கிவிடுகிறது.

நடு அடுக்காக மெல்லிய கம்பளி ஸ்வெட்டரோ, கழுத்தில் பாதி ஜிப் வைத்த ஃப்ளீஸ் என்ற மென்மயிர்ச் செயற்கைத் துணிச் சட்டையோ போதுமானது. பாதி ஜிப்பின் அருமை பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் தெரியும். மேடு ஏறும் முன் அதைக் கீழே இழுத்து, டீயில் நிற்கும்போது மேலே ஏற்றிவிட்டால், எதையும் கழற்றாமலே உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம். இதன் மேல் அணியும் கையில்லாத திணிப்பு ஜாக்கெட்டைத்தான் குளிர்கால கோல்ஃபின் மிகச் சிறந்த ஆடை என்று சொல்வேன். நெஞ்சும் முதுகும் குளிரத் தொடங்கினால், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் தன் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் செல்லும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் உடற்பகுதியை மூடாமல் எத்தனை கையுறை மாட்டினாலும் விரல்கள் மரத்தே கிடக்கின்றன. கையில்லாத ஜாக்கெட் உடற்பகுதியைச் சூடாக வைத்து, தோளையும் கையையும் முழுவதும் விடுவிக்கிறது. வாங்கும்போது அளவு சற்றே இறுக்கமாக இருப்பது நல்லது. தளர்ந்த ஜாக்கெட்டின் முன்பக்கம், குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் பரப்பான கிரீனில் குனிந்து பட் செய்யும்போது, அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது, கண்முன் தொங்கிப் பந்தை மறைக்கும். பறவையிறகு திணித்தது எடை குறைவு என்றாலும் நனைந்தால் கட்டிபட்டுப் பயனற்றுப் போகும். ஆகவே இக்கடற்கரைக்குச் செயற்கை இழை திணித்ததையே பரிந்துரைக்கிறேன்.

மேலாடை குறித்துக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் அதிகம் கரைவது இங்கேதான். கோர்டெக்ஸ் முதலிய சவ்வுத் துணிகளில் உள்ள நுண்துளைகள், நீர்த்துளி புக முடியாத அளவு சிறியவையாகவும் நீராவி வெளியேறக்கூடிய அளவு பெரியவையாகவும் அமைந்தவை. நீர்தாங்கும் அளவு (துணி ஒழுகாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம்) 10,000 மில்லிமீட்டர் என்று குறித்த மழையாடை சாதாரணத் தூறலுக்குப் போதும். காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் கடற்கரை மழைக்கு 20,000 என்று குறித்ததே நிலைத்து நிற்கிறது. மலையேற்றத்துக்கான ஜாக்கெட் ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது நீரைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் துணி விறைப்பாகவும், மட்டையை ஓங்கும்போது காதருகே சலசலப்பதாகவும், முதுகின் குறுக்கே இழுப்பதாகவும் இருக்கும். கோல்ஃபுக்கென்று தைத்தவை நெகிழும் துணியால் ஆனவை, ஓசை எழுப்பாதவை. கடையில் எல்லா அடுக்குகளையும் அணிந்தபடி, முழு ஸ்விங்கின் உச்சிவரை கையை உயர்த்திப் பார்த்த பிறகே வாங்குங்கள். அப்போது இடுப்புக்கு மேல் துணி ஏறினால் அந்த ஆடை மழையில் உங்களைக் கைவிடும்.

இந்த மழையாடைகளைப் பராமரிக்கும் முறையைப் பலர் அறிவதில்லை. துணியின் வெளிப்புறத்தில், நீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சு ஒன்று இருக்கிறது. அது தேய்ந்தவுடன் வெளித்துணி நீரைக் குடித்துக் கனக்கிறது. உள்ளேயுள்ள சவ்வு நீரைத் தடுத்தாலும் வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் போகிறது. உடல் நனைந்ததும் ஆடை ஒழுகுகிறது என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மழையாடைக்கென்று விற்கும் திரவச் சோப்பால் துவைத்து, சிட்டையில் அனுமதி இருந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் உயிர்பெறும். இல்லையென்றால் பூச்சைப் புதுப்பிக்கும் திரவத்தைத் தெளிக்கலாம். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் இதில் ஊற்றவே கூடாது. இவ்வாறு பேணிய மழையாடை எனக்குப் பல பருவங்கள் தாண்டியும் உழைக்கிறது.

கைகளே இந்த ஆட்டத்தின் உயிர்நிலை. மட்டையின் முனை எங்கிருக்கிறது என்பதை விரல்கள் வழியாகவே அறிகிறோம். அவை மரத்துப்போனால் பட்டிங்கும், கிரீனுக்கு அருகிலிருந்து பந்தை மெல்லத் தூக்கி அடிக்கும் சிப் ஷாட்டும் கெட்டுவிடும். கோடையில் ஒரு கைக்கு மட்டும் அணியும் தோல் கையுறை ஈரம் பட்டதும் வழுக்கும், பிறகு விறைக்கும். குளிர்காலத்துக்கென்று இரு கைக்கும் சோடியாகவே விற்கும் கையுறைகளில், மேற்புறம் ஃப்ளீஸும் உள்ளங்கைப் பக்கம் ஈரத்திலும் பிடிமானம் தரும் மெல்லிய துணியும் இருக்கின்றன. முழு ஷாட்டுகளுக்கு இவை எனக்கு முழு நிறைவைத் தந்திருக்கின்றன. கிரீன் அருகே கழற்றிவிடுகிறேன். ஷாட்டுகளுக்கு இடையில், அவற்றின் மேலேயே மாட்டிக்கொள்ளக்கூடிய பெரிய விரல்பிரியாக் கையுறை ஒன்றை அணிவது, வேறெந்த உத்தியையும்விட அதிகம் உதவுகிறது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது வெப்பம் தங்குகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் குளிர்மாதங்களில், டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்பரப்பான ஃபேர்வேயைக் காப்பதற்காக, பந்தைச் சிறிய செயற்கைப் புல்விரிப்பின் மேல் வைத்து அடிக்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் குனிந்து ஈரப் பந்தையும் விரிப்பையும் தொட வேண்டியிருப்பதால், அங்கே இந்த மேலுறையும் உலர்ந்த துண்டும் இல்லாமல் நான் இறங்குவதே இல்லை.

சட்டைப்பையில் வைக்கும் கைச்சூடேற்றிப் பொட்டலங்களில் இரும்புத்தூள் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து துருவாக மாறும்போது வெப்பம் வெளிப்படுகிறது. வெளியுறையைப் பிரித்துக் குலுக்கி, சிறிது நேரம் காற்றுப்பட வைத்த பிறகே அது நன்றாகச் சூடேறும் என்பதால், முதல் டீக்கு வருவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். இதையொட்டி ஒரு விதியை நினைவில் வைத்திருப்பது அவசியம். கைகளைச் சூடாக்கிக்கொள்ள கோல்ஃப் விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடித்தால் விதி 4.2-இன்படி போட்டியிலிருந்தே நீக்கப்படுவீர்கள். பந்துக்கும் பொட்டலத்துக்கும் தனித்தனிப் பை வைத்துக்கொண்டால் எந்தக் கேள்வியும் எழாது. வெயில்நாட்டில் வளர்ந்தவர்கள் குளிரில் விரல்கள் வெளுத்து, நீலம்பாரித்து, பிறகு வலியோடு சிவந்தால் அதைப் பழக்கமின்மை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரேனாட் என்ற ரத்தநாளக் கோளாறின் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

தலைக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி போதும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போய்விடுகிறது என்று பலரும் சொல்வது சரியன்று. உடலின் பரப்பில் தலைக்குள்ள பங்கைப் போலவே வெப்ப இழப்பும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் காது வலிக்கும்போது யாராலும் கவனமாக ஆட முடியாது. கழுத்துக்குக் குழாய் வடிவ மெரினோ துணி நல்லது. அது தாடையில் உராயாத அளவு மெல்லியதாக இருக்கட்டும்.

கால்களைப் பொறுத்தவரை, நடையே அவற்றைச் சூடாக வைத்திருக்கும். காற்றைத் தடுக்கும் கால்சட்டை ஒன்று பெரும்பாலான நாட்களுக்குப் போதும், கடுங்குளிரில் மட்டும் உள்ளே மெல்லிய நீளக்கால் உள்ளாடை தேவைப்படும். பாதங்களுக்கு நீர்புகாத காலணியும் ஒரு சோடி கம்பளிக் காலுறையும் வேண்டும். காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் பாதம் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து முன்னைவிடக் குளிரும். கனத்த காலுறை அணிவதானால் அரை அளவு பெரிய காலணியைக் குளிர்காலத்துக்கென்றே வாங்கிக்கொள்வது நல்லது.

இத்தனை அடுக்கு அணிந்தால் பந்து தூரம் போவதில்லை என்று குறைகூறி, பாதி ஆட்டத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி நடுங்குபவர்களைப் பார்க்கிறேன். பந்தின் தூரம் குறைவதற்கு ஆடை மட்டுமே காரணமில்லை. 25 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. குளிர்ந்த பந்தின் உட்கருவும் துள்ளல் குறைந்து போகிறது. எனவே ஆடையைக் கழற்றுவதைவிட, வழக்கமாக எடுப்பதைவிட ஒரு படி நீளமான, பந்தை அதிகத் தூரம் அனுப்பும் மட்டையை எடுத்து நிதானமாக வீசுவதே சரி. தசைகள் சூடாக இருக்கும்போது முதுகும் தோளும் காயப்படாமல் தப்பும் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஆடுபவர்களுக்கு இதில் பாதி போதும். அங்கே உறைபனி படிந்தாலும் வெயில் ஏறியதும் குளிர் விலகிவிடுவதால், மெரினோ உள்ளாடையும் கையில்லாத ஜாக்கெட்டும் இருந்தால், சில குழிகளுக்குப் பிறகு ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே புதிதாகத் தொடங்குபவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் மெரினோ உள்ளாடை ஒன்று, அடுத்துக் குளிர்காலக் கையுறைச் சோடியும் அதன் மேலுறையும், அதன்பின் கையில்லாத ஜாக்கெட் என்ற வரிசையில் வாங்கலாம். ஸ்வெட்டர் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். விலையுயர்ந்த மழையாடைக்கு ஜனவரி, பிப்ரவரி வரை பொறுத்திருங்கள். வசந்தகாலச் சரக்குக்கு இடம் ஒதுக்குவதற்காக அப்போது பல கடைகள் விலையைக் குறைக்கின்றன. அதுவரை மழை அறிவிப்பு உள்ள நாட்களைத் தவிர்த்து, உலர்ந்த நாட்களாகத் தேர்ந்து ஆடினால் போதும்.