இருப்பிடப் பதிவு: அணைப்பது, குறைப்பது, அழிப்பது – எது எதற்கு உதவும்?

2022-ஆம் ஆண்டில் ஒரு மாலை, என் அக்கா தன் ஆண்ட்ராய்டு போனை என்னிடம் கொடுத்து, லொகேஷனை எப்போதோ அணைத்துவிட்டதாகவும், பழைய பதிவுகளும் அத்துடன் போயிருக்கும் என்றும் சொன்னார். கூகுள் மேப்ஸைத் திறந்து டைம்லைன் பகுதிக்குள் சென்று, ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைத் தொட்டேன். காலை 9.10 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பியது, ஒரு மருத்துவமனையில் 2 மணி 40 நிமிடம் இருந்தது, திரும்பும் வழியில் ஒரு மருந்துக் கடையில் நின்றது என அந்த நாள் முழுவதும் வரைபடத்தின் மேல் நீலக் கோடாக விரிந்தது. அம்மாவுக்கு முதல் பரிசோதனை நடந்த நாள் அது. உறவினர் எவருக்கும் நாங்கள் சொல்லாத அந்த நாளை, அவருடைய கணக்கு அத்தனை காலமும் வரி பிசகாமல் வைத்திருந்தது.

அணைத்தால் அழிந்துவிடும் என்ற எண்ணம் மிகப் பரவலானது. அணைப்பது இனி வரப்போவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே சேர்ந்ததைத் தொடுவதில்லை. அழிப்பது சேர்ந்ததை நீக்குகிறது; நாளைய பதிவைத் தடுப்பதில்லை. எனவே, நம் முன் இருக்கும் வழிகளில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சேரும் பதிவைத் தொடுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அந்த இடங்கள் நான்கு: போனின் நினைவகம், போனை இயக்கும் நிறுவனத்தில் நாம் வைத்திருக்கும் கணக்கு, நாம் நிறுவிய செயலிகளின் சர்வர்கள், சிம் வழங்கிய தொலைபேசி நிறுவனம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இந்தப் பட்டியலில் இல்லை. போன் அவற்றின் சமிக்ஞையைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறதே தவிர, அவற்றுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. செயற்கைக்கோள் நம்மைக் கண்காணிக்கிறது என்று அஞ்சுவோர் பலர். கணக்கிட்ட இடத்தைப் போன் யாரிடம் சொல்கிறது என்பதில்தான் அந்த அச்சத்தை வைக்க வேண்டும்.

முதல் வழி, லொகேஷனை மொத்தமாக அணைப்பது. ஆண்ட்ராய்டில் மேலிருந்து திரையை இழுத்தால் வரும் பொத்தான்களிலேயே இது இருக்கும்; ஐபோனில் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதிக்குள் லொகேஷன் சர்வீசஸ் என்ற பெயரில் இருக்கும். ஒரே தொடுதலில் எல்லாச் செயலிகளுக்கும் கதவு மூடப்படுகிறது என்பது இதன் பெரிய வசதி. ஆனால், நடைமுறையில் இது நீடிப்பதில்லை. வழி தெரியாத ஊரில் வரைபடம் தேவைப்படும் முதல் நிமிடத்திலேயே நாம் இதை மீண்டும் போட்டுவிடுகிறோம். போட்ட அக்கணமே, முன்பு அனுமதி பெற்ற செயலிகள் அனைத்தும் அதே அனுமதியுடன் விழித்துக்கொள்கின்றன. போன் தொலைந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. ஐபோனில் மட்டும், அதைத் தொலைந்ததாக அறிவித்தால் லொகேஷன் சர்வீசஸ் தானாக இயங்கும். அவசர உதவி எண்ணை அழைக்கும்போதும், இந்தச் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் இருப்பிடம் பயன்படுத்தப்படலாம் என்று ஆப்பிள் தெளிவாகவே சொல்கிறது. இவ்விரண்டையும் நான் குறையாகக் கருதவில்லை.

அணைத்த பின்னும் கசிவுகள் உண்டு. இணையத்தில் இருக்கும் வரை, நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்புக்குத் தரப்படும் எண்) நாம் இருக்கும் பகுதியைத் தோராயமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். 2017 நவம்பரில், லொகேஷன் அணைக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களிலிருந்தும் அருகிலுள்ள செல்போன் கோபுரங்களின் அடையாள எண்கள் கூகுளுக்குச் சென்றுகொண்டிருந்தது வெளிவந்து, அந்த நடைமுறையை நிறுத்திக்கொள்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. லொகேஷனைப் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் ஆண்ட்ராய்டில் இருக்கிறது: லொகேஷன் சர்வீசஸ் பக்கத்தில் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு தனிச் சுவிட்சுகள் உள்ளன. வைஃபையையும் புளூடூத்தையும் நாம் அணைத்திருந்தாலும், இவை போட்டிருந்தால் போன் சுற்றியுள்ள கருவிகளைத் தேடி இடத்தைக் கணிக்கும்.

இரண்டாவது வழி, செயலி செயலியாக அனுமதியைக் குறைப்பது. இதுவே சிறந்தது என்பது என் முடிவு. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதற்கான வசதிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. செயலி திறந்திருக்கும்போது மட்டும் இருப்பிடத்தைத் தரும் தேர்வு ஐபோனுக்கு 2014-இல் அதன் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 8-ஆம் பதிப்பு வழியாக வந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2019-இல், 10-ஆம் பதிப்பில்தான் வந்தது. இந்த ஒருமுறை மட்டும் என்ற தேர்வு ஐபோனில் 2019-இலும் ஆண்ட்ராய்டில் 2020-இலும், துல்லியமான இடத்துக்குப் பதில் தோராயமான பகுதியைத் தரும் தேர்வு ஐபோனில் 2020-இலும் ஆண்ட்ராய்டில் 2021-இலும் வந்தன. ஒவ்வொரு படியிலும் ஐபோன் முந்தியிருந்தாலும், இன்று இரண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தில் நிற்கின்றன. ஆண்ட்ராய்டு ஓரிடத்தில் முன்னால் நிற்கிறது: பல மாதங்களாகத் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளை அது தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

தோராயமான இருப்பிடம் என்ற தேர்வைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆண்ட்ராய்டில் அது சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நம்மை மங்கலாக்கிவிடுகிறது. மழை வருமா என்று சொல்ல ஒரு வானிலைச் செயலிக்கு அது தாராளமாகப் போதும். நாம் எந்த வீட்டின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பது அதற்கு எதற்கு? அக்காவின் போனில் இருப்பிட அனுமதிப் பட்டியலைத் திறந்தபோது, எப்போதும் அனுமதி என்ற தலைப்பின் கீழ் ஒரு வானிலைச் செயலியும், ஒரு டார்ச் செயலியும், அவர் இரண்டே முறை பயன்படுத்திய ஒரு தள்ளுபடிக் கூப்பன் செயலியும் இருந்தன. வெளிச்சம் காட்டும் செயலிக்கு இரவும் பகலும் நம் இடம் தெரிய வேண்டிய எந்தத் தேவையும் இல்லை.

கூப்பன் செயலிதானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், செயலிகள் திரட்டும் இருப்பிடங்களை வாங்கி விற்கும் ஒரு சந்தை இயங்குகிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி ஆணையம், எக்ஸ்-மோட் என்று அறியப்பட்டு அவுட்லாஜிக் எனப் பெயர் மாறிய தரகு நிறுவனம், மருத்துவமனைகள், வழிபாட்டிடங்கள் போன்ற அந்தரங்கம் சார்ந்த இடங்களுக்குச் சென்றவர்களின் இருப்பிடத் தரவுகளை விற்பதைத் தடைசெய்தது. பெயர் நீக்கப்பட்ட தரவு என்ற சமாதானமும் நிற்காது. 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் நடமாட்டங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கு புள்ளிகள் மட்டும் கிடைத்தாலே, 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடியும் என்று காட்டியது. இரவில் தங்கும் இடமும் பகலில் வேலை செய்யும் இடமும் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எந்தச் செயலி எப்போது இருப்பிடத்தை எடுத்தது என்று சரிபார்க்க ஆண்ட்ராய்டில் பிரைவசி டேஷ்போர்டும், ஐபோனில் ஆப் பிரைவசி ரிப்போர்ட்டும் உள்ளன. இவற்றில் ஐபோனின் இன்னொரு வழக்கம் எனக்கு மேலும் பிடித்திருக்கிறது: பின்னணியில் இருப்பிடத்தை எடுத்துவரும் செயலி எதுவோ, அது எடுத்த புள்ளிகளை ஒரு சிறு வரைபடத்தில் போட்டு, தொடரட்டுமா என்று அவ்வப்போது அதுவே கேட்கிறது. தன் வீட்டைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்திருப்பதைக் கண்ணால் பார்ப்பவர், எவ்வளவு விளக்கினாலும் புரியாததை அந்த நொடியில் புரிந்துகொள்வார்.

மூன்றாவது வழி, கணக்கில் சேரும் வரலாற்றை நிறுத்துவது. இதில் இரு நிறுவனங்களும் வெகுகாலம் வேறு வேறு பாதையில் சென்றன. கூகுள் இந்த வரலாற்றைத் தன் சர்வர்களில் வைத்திருந்தது. அதற்கான சுவிட்சை அணைத்தவர்களுக்கும், தேடல்களையும் செயலிப் பயன்பாட்டையும் கணக்கில் சேமிக்கும் வெப் அண்டு ஆப் ஆக்டிவிட்டி என்ற இன்னொரு சுவிட்சின் வழியாக இருப்பிடம் பதிவாகிக்கொண்டே இருந்ததை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. இதையொட்டி 2022 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 6 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு கூகுள் சமரசம் செய்துகொண்டது. அந்த இரண்டாவது சுவிட்ச் இன்றும் தனியாகத்தான் இருக்கிறது என்பதால், டைம்லைனை நிறுத்துபவர்கள் அதையும் திறந்து பார்க்காமல் விட்டால் வேலை பாதியில் நிற்கிறது.

2023 டிசம்பரில், டைம்லைன் பதிவுகளைச் சர்வரிலிருந்து பயனரின் போனுக்கே மாற்றப்போவதாக கூகுள் அறிவித்து, அடுத்தடுத்த மாதங்களில் அதைச் செயல்படுத்தியது. புதிதாகத் தொடங்குவோருக்கு மூன்று மாதத்தில் தானே அழியும் ஏற்பாடும் இயல்பாக அமைந்தது. தனியுரிமையின் பக்கம் நின்று பார்த்தால் இது உண்மையான முன்னேற்றம்; அதற்கு ஒரு விலையும் உண்டு. 2025 மார்ச்சில் ஒரு தொழில்நுட்பக் கோளாற்றால் சிலருடைய டைம்லைன் அழிந்தபோது, மறைகுறியாக்கப்பட்ட (பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட) பேக்கப் வைத்திருந்தவர்களால் மட்டுமே அதை மீட்கும் வாய்ப்பைப் பெற முடிந்தது.

ஆப்பிளின் கதை 2011-இல் ஒரு சங்கடத்துடன் தொடங்கியது. ஏறத்தாழ ஓராண்டு நடமாட்டத்தைக் காட்டும் கோப்பு ஒன்று ஐபோனுக்குள் பூட்டின்றிக் கிடப்பதையும், கணினியில் பேக்கப் எடுக்கும்போது அதுவும் சேர்ந்தே போவதையும் இரு ஆய்வாளர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் காட்டினர். மே மாதத்தில் ஐஓஎஸ் 4.3.3 பதிப்பில் அது திருத்தப்பட்டது. இன்று சிக்னிஃபிகன்ட் லொகேஷன்ஸ் என்ற பெயரில் நாம் அடிக்கடி செல்லும் இடங்களை ஐபோன் குறித்துக்கொள்கிறது என்றாலும், ஆப்பிள் நிறுவனமே படிக்க முடியாதபடி அது முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டுள்ளது. லொகேஷன் சர்வீசஸ் பக்கத்தின் அடியில் உள்ள சிஸ்டம் சர்வீசஸுக்குள் அது ஒளிந்திருப்பதுதான் என் குறை. தேடிப் போகாத ஒருவரின் கண்ணில் அது படவே படாது.

இனி அழிப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு நாளாக அழிப்பது, குறிப்பிட்ட காலத்தை அழிப்பது, மொத்தமாக அழிப்பது, தானாக அழியும்படி விடுவது என்று இதில் நான்கு வகை உண்டு. நாள்தோறும் அழிப்பேன் என்று முடிவெடுப்பவர் ஒரு மாதம் தாண்டுவதில்லை. மூன்று மாதத்துக்கு முந்தையவை தானே அழியும் ஏற்பாடு, ஒருமுறை அமைத்தால் நம் மறதியையும் தாங்கிக்கொள்ளும் என்பதால், பயண நினைவுகளை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் அதையே பரிந்துரைப்பேன். வேண்டியதை முன்னதாகவே ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். அக்கா அன்று தன் பதிவை மொத்தமாக அழிக்குமுன், அம்மாவுடன் சென்ற கடைசிப் பயணம் இருந்த வாரத்தை மட்டும் பதிவிறக்கிக்கொண்டார். மற்ற ஆண்டுகள் போனதில் அவருக்கு வருத்தமில்லை.

அழிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் பதிவை நிறுத்தி, பிறகே அழிக்க வேண்டும். வெப் அண்டு ஆப் ஆக்டிவிட்டி பக்கத்தில் நிறுத்தி அழி என்று இரண்டையும் சேர்த்தே செய்யும் தேர்வும் இருக்கிறது. டைம்லைன் பேக்கப்பைத் தனியாக அழிக்க வேண்டும், ஏனெனில் போனில் இருப்பதை நீக்கினால் பேக்கப்பும் போய்விடும் என்று எண்ணக் கூடாது. கூகுள் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது திரையிலிருந்து உடனே மறைந்தாலும், சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்று அந்நிறுவனமே கூறுகிறது. செயலிகளின் நிலை இதைவிட மோசம்: செயலியைப் போனிலிருந்து நீக்கினால், அது வரை அதன் சர்வருக்குச் சென்றவை அங்கேயே இருக்கும். செயலிக்குள் இருக்கும்போதே கணக்கை அழிக்கக் கோரி, அதன் பிறகு நீக்குவதே சரி. ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழிப்பதும், ஐபோனில், பிற செயலிகளிலும் நம்மைத் தொடர்ந்து கண்காணிக்கச் செயலிகள் அனுமதி கேட்பதையே முடக்குவதும் இத்துடன் சேர வேண்டியவை.

புகைப்படங்களை இங்கு மறந்துவிடுகிறோம். கேமராவுக்கு இருப்பிட அனுமதி இருந்தால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடம் எழுதப்படுகிறது. மேலே சொன்ன எந்த அழிப்பும் அதைத் தொடாது. ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலே தெரியும் ஆப்ஷன்ஸைத் தொட்டு இருப்பிடத்தை விலக்கலாம் என்றாலும், கேமராவின் அனுமதியையே எடுத்துவிடுவது எளிது.

எல்லாம் முடித்த பின், இனி எங்கும் பதிவாகாதா என்று அக்கா கேட்டார். நான்காவது இடத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். போன் எந்தக் கோபுரத்துடன் இணைந்திருந்தது என்பதைத் தொலைபேசி நிறுவனம் குறித்துக்கொள்கிறது, ஏனெனில் அது தெரியாமல் நமக்கு வரும் அழைப்பைக் கொண்டுசேர்க்க முடியாது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கார்ப்பென்டர் வழக்கில், ஒருவருடைய 127 நாள் நடமாட்டம் 12,898 புள்ளிகளாக இப்படித்தான் அரசுத் தரப்புக்குக் கிடைத்திருந்தது. அத்தகைய பதிவைப் பெறப் பொதுவாக நீதிமன்றத்தின் தேடுதல் வாரன்ட் தேவை என்று அத்தீர்ப்பு கூறியது. அந்தப் பதிவை அழிக்கும் பொத்தான் எந்தப் போனிலும் கிடையாது. ஏர்பிளேன் மோடில் இருக்கும் நேரத்தில் மட்டும் அதில் புதிய வரி சேராது.