ஹாம்ப்டன் கோர்ட்டா, ஹீவரா, ஹார்ட்விக்கா? டியூடர் வீடுகள், ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் டியூடர் காலத்து வீடுகளையும் கோட்டைகளையும் சுற்றிக்காட்டும் பயணத் திட்டங்களைப் புரட்டினால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ஹாம்ப்டன் கோர்ட், ஹீவர், கெனில்வொர்த், ஹார்ட்விக். எல்லாமே ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அனுபவங்கள். டியூடர் வம்சம் ஆண்டது 1485 முதல் 1603 வரை. அந்தக் காலத்தவர் கட்டியதில் இன்று நம் கண்ணுக்கு எஞ்சியிருப்பது எவ்வளவு? கையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பது என் எண்ணம். டிக்கெட் விலை அடிக்கடி மாறும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் ஹாம்ப்டன் கோர்ட். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ஏறினால் முக்கால் மணிக்குள் நேரே கொண்டுபோய் விடும். தாமஸ் வுல்சி 1514-ல் இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து மாளிகை எழுப்பினார். பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அவர், எட்டாம் ஹென்றியின் கோபம் தன் பக்கம் திரும்பத் தொடங்கியபோது மாளிகையை அரசனுக்கே கொடுத்துவிட்டார். கொடுத்தும் பயனில்லாமல் போனது. ஹென்றி 1530-களில் கட்டிய பெரிய மண்டபத்தின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுவரில் ஆபிரகாமின் கதையைச் சொல்லும் திரைச்சீலைகள் தொங்குகின்றன. கம்பளி, பட்டு, பொன் வெள்ளிச் சரிகை சேர்த்து நெய்து, ஹென்றியே வாங்கியவை. வண்ணம் மங்கியிருந்தாலும் அவை இந்த மண்டபத்துக்கே உரியவை.

எனக்கு அதைவிடப் பிடித்தது சமையற்கட்டு. ஒன்றல்ல, ஏறக்குறைய 50 அறைகள். இறைச்சிக்குத் தனி, மீனுக்குத் தனி, பண்டங்கள் அடுக்கத் தனி. அரசவையைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோருக்கு நாளுக்கு இருவேளை இங்கிருந்துதான் உணவு போனது. ஆள் நிற்கும் அளவு பெரிய அடுப்பில் இன்றும் சில நாட்களில் விறகு எரிகிறது. ஓர் அரசு எப்படி நடந்தது என்பதை அரியணையைவிட அந்த அடுப்பு தெளிவாகச் சொல்லும்.

உள்முற்றத்தில் 1540-ல் வைத்த வானியல் கடிகாரம் இருக்கிறது. அதில் சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்னிகஸ் தன் நூலை வெளியிட்டது 1543-ல்தான். லண்டன் பாலத்தில் ஓதம் ஏறும் நேரத்தையும் அது காட்டும். அரசன் தேம்ஸ் வழியாகப் படகில் போய்வந்ததால் அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் குறையை மறைப்பது சரியில்லை. ஹாம்ப்டன் கோர்ட்டில் பாதிதான் டியூடர். 1689-ல் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் கட்டடக்கலைஞர் கிறிஸ்டபர் ரென்னைக் கொண்டு பழைய அரண்மனையை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். 1694-ல் மேரி இறந்ததும் வேலை சுணங்கியது. அதனால்தான் முன்பக்கம் தப்பியது. ஹென்றி உறங்கிய அறை இன்று இல்லை. ஆறாம் எட்வர்டைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் இறந்ததும் இந்த அரண்மனையில்தான், 1537 அக்டோபரில். ரென் கட்டிய பகுதியில் நேரத்தைச் செலவழித்துவிட்டு சமையற்கட்டை ஓடிப் பார்ப்பவர்கள் உண்டு. டியூடர் வரலாற்றுக்காகப் போகிறீர்கள் என்றால் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

அடுத்து ஹீவர். கென்ட் மாவட்டத்தில், அகழியும் தூக்குப்பாலமுமாக, குழந்தைகள் வரையும் கோட்டை மாதிரியே இருக்கும். 1462-ல் பொலின் குடும்பம் வாங்கியது. எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவியான ஆன் பொலின் சிறுமியாக வளர்ந்தது இங்கே. ஹென்றி அவருக்கு எழுதிய காதல் கடிதங்களில் 17 இன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளன. ஆன் அரசவையை விட்டு விலகி வீட்டுக்குத் திரும்பியிருந்த நாட்களில் அவரைத் தேடி வந்த கடிதங்களும் அவற்றில் அடக்கம்.

ஹீவரைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். அமெரிக்கச் செல்வந்தர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் 1903-ல் இதை வாங்கிப் பணத்தைக் கொட்டினார். உள்ளே நீங்கள் வியந்து பார்க்கும் செதுக்கு மர வேலைப்பாட்டில் பெரும்பகுதி அவர் செய்வித்தது. பின்னால் இருக்கும் "டியூடர் கிராமமும்" அவர் கட்டியதே. 38 ஏக்கர் ஏரியை வெட்டியது நூற்றுக்கணக்கான ஆட்கள். வேலை அருமையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டின் டியூடர் கனவு. வழிகாட்டி நல்லவராக இருந்தால் இந்தச் சுவர் எந்த ஆண்டு, அந்தக் கதவு எந்த ஆண்டு என்று பிரித்துச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அப்படியானால் ஹீவருக்கு ஏன் போவது? இரண்டு சிறிய ஜெபப் புத்தகங்களுக்காக. ஆன் பொலின் கையில் வைத்திருந்தவை, அவர் கையெழுத்தோடு. அதில் ஒன்றில் அழிந்துபோன பெயர்கள் சில இருப்பதை 2021-ல் புற ஊதா ஒளி காட்டிக்கொடுத்தது. 1536 மே 19 அன்று லண்டன் டவர் கோட்டையில் அவர் தலை வெட்டப்பட்ட பின், கென்ட்டைச் சேர்ந்த குடும்பங்கள் அந்தப் புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் காத்திருக்கின்றன. அவர் பெயரைச் சொல்வதே ஆபத்தாக இருந்த காலத்தில்! ஹாம்ப்டன் கோர்ட்டில் அவருடைய சின்னங்களை அகற்றச் சொல்லி அரசன் உத்தரவிட்டான். அப்படியும் பெரிய மண்டபத்து மரத் தடுப்பில் ஹென்றி, ஆன் என்ற இரு பெயர்களின் முதல் எழுத்துகள் பின்னிய செதுக்கல் ஒன்று ஆட்கள் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. ஹீவரையும் ஹாம்ப்டன் கோர்ட்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசும். ஆன் பொலின் கதை உங்களை உலுக்கியிருந்தால் ஹீவரை விடாதீர்கள். வெறும் கட்டடக்கலைக்கு என்றால் விட்டுவிடலாம்.

இப்போது நான் மனதில் முதலிடம் கொடுக்கும் வீடு: டெர்பிஷயரின் ஹார்ட்விக் ஹால். லண்டனிலிருந்து தொலைவு. செஸ்டர்ஃபீல்ட் வரை ரயில், அப்புறம் டாக்ஸி அல்லது சொந்த வண்டி. அதனாலேயே பல ஒருநாள் பயணத் திட்டங்களில் இது இருக்காது. பெரிய இழப்பு. ஒரு சாதாரண நிலக்கிழார் வீட்டில் பிறந்து, நான்கு முறை மணந்து, நான்கு முறையும் விதவையாகி, முதலாம் எலிசபெத் ராணி காலத்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவரான பெஸ் கட்டிய வீடு இது. 1590-ல் நான்காவது கணவர் இறந்ததும் வேலை தொடங்கியது. 1597-ல் குடிபுகுந்தார். அப்போது எழுபதை நெருங்கிய வயது. வரைந்து கொடுத்தவர் ராபர்ட் ஸ்மித்சன்.

கண்ணாடி கொள்ளை விலை விற்ற காலத்தில் சுவரைவிட ஜன்னலே அதிகம் என்று சொல்லும்படி கட்டினார். வெளியே நின்று பாருங்கள், மாடி ஏற ஏற ஜன்னல் பெரிதாகும். கீழே வேலைக்காரர், நடுவில் குடும்பம், உச்சியில் ராணி வந்தால் வரவேற்கும் கூடங்கள். ராணி வரவே இல்லை. ஆறு கோபுரங்களின் தலையிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி வைத்தார். மைல் கணக்கில் தள்ளியிருந்தும் படிக்கலாம்.

உள்ளே நீண்ட கூடத்தில் பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் 13 திரைச்சீலைகள். அவற்றை முதலில் வைத்திருந்தவர் எலிசபெத்தின் அரசவைப் பிரமுகர் கிறிஸ்டபர் ஹாட்டன். அவருடைய குலச்சின்னம் அதில் நெய்யப்பட்டிருந்ததால், அதை மாற்றும் செலவு என்று சொல்லி பெஸ் 5 பவுண்டு குறைத்துத்தான் வாங்கினார். பிறகு தன் சின்னத்தை வரைந்த துணியை மேலே ஒட்டினார். ஹாட்டனின் பெண் மான்களுக்குக் கொம்பு வரைந்து, தன் இரண்டாம் கணவரான கேவெண்டிஷ் குடும்பத்து ஆண் மான்களாக்கினார். ஒட்டுத்துணியை இன்றும் காணலாம். அந்த மனுஷியின் சுபாவம் முழுவதும் அதில் இருக்கிறது. 1601-ல் வீட்டுப் பொருள்களுக்கு எடுத்த பட்டியலும் கிடைத்திருக்கிறது. அதில் உள்ளவற்றில் பல இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஆஸ்டர் போன்ற ஒருவர் வந்து திருத்திக் கட்டாத வீடு, அதுதான் இதன் பலம்.

ஒரு வருத்தம் உண்டு. பழைய துணிகள் வெளிச்சத்தில் பாழாகும் என்பதால் திரைகளை இறக்கி வைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்காகவே கட்டிய வீடு உள்ளே மங்கலாக இருக்கும். கண் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கெனில்வொர்த்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலிசபெத்தின் பிரியத்துக்குரிய ராபர்ட் டட்லிக்கு 1563-ல் கிடைத்த கோட்டை. 1575 ஜூலையில் ராணி 19 நாள் தங்கினார். அவருக்கென்றே டட்லி மாளிகை ஒன்று எழுப்பி, தோட்டமும் போட்டார். 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்குப் பின் கோட்டையை வேண்டுமென்றே சிதைத்தார்கள், சுற்றியிருந்த பெரிய நீர்நிலையையும் வடித்தார்கள். இன்று செம்மணற்கல் எலும்புக்கூடு. அந்தத் தோட்டத்தை, விருந்துகளை விவரிக்கும் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டு திருப்பி அமைத்து 2009-ல் திறந்தார்கள். கற்பனை செய்யப் பிடித்தவர்களுக்கு ஏற்ற இடம். கையோடு குழந்தைகள் இருந்தால் ஓடி ஆடவும் இடம் உண்டு.

வழிகாட்டியோடு போவதா, தனியாகவா? லண்டன் டவரில் காவலர்களே நடத்தும் சுற்று டிக்கெட்டிலேயே அடக்கம், அதைத் தவறவிட வேண்டாம். ஹார்ட்விக்கில் அறைக்கு அறை தன்னார்வலர்கள் நிற்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும், மணிக்கணக்காகச் சொல்வார்கள். ஆகவே இந்த இரண்டுக்கும் தனியாகப் போகலாம். பேருந்துச் சுற்றுலா உதவுவது ரயில் எட்டாத வீடுகளுக்குத்தான். ஒரே நாளில் மூன்று வீடு என்று போட்டிருந்தால் அந்தத் திட்டத்தை எடுக்காதீர்கள். ஹாம்ப்டன் கோர்ட்டுக்கே முழுநாள் வேண்டும். குளிர்காலத்தில் சில வீடுகள் மூடியிருக்கும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள்தான் என்றால் ஹாம்ப்டன் கோர்ட். இரண்டு நாள் என்றால் ஹாம்ப்டன் கோர்ட்டும் ஹார்ட்விக்கும். மூன்றாவது நாள் கிடைத்தால் ஹீவரைக்கூட விட்டுவிட்டு செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹாலுக்குப் போகச் சொல்வேன். அரசரோ பிரபுவோ வாழாத, உள்ளூர் நிலக்கிழார் குடும்பத்தின் மரச்சட்ட வீடு. கறுப்பும் வெள்ளையுமாக, அகழிக்கு நடுவே. உச்சியில் பின்னால் ஆசைப்பட்டு ஏற்றிய நீண்ட கூடத்தின் பாரம் தாங்காமல் மொத்த வீடும் வளைந்து நெளிந்து நிற்கிறது. முற்றத்தில் நின்று ஜன்னல்களுக்கு மேலே பாருங்கள். கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல் என்று 1559-ல் மரத்தில் செதுக்கியிருக்கிறது.