ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த லைட்?

எலெக்ட்ரிக் கடையில் பல்பு கேட்டால் "ஒயிட்டா, வார்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் வரும். யோசிக்காமல் ஒயிட் என்று சொல்லிவிடுவோம். மஞ்சள் போட்டால் ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கும் என்பது எங்கள் வீட்டு ஆட்சேபம். ஆனாலும் எங்கள் ஹாலில் இரண்டையும், அப்புறம் நிறம் மாறும் பேனலையும் வைஃபை பல்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. பதினொரு மணி ஆகியும் யாருக்கும் தூக்கம் வராததுதான் காரணம்.

முதலில் அளவுகோல். பார்வைக்கான செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமியோடு ஒளியை உணரும் செல்களும் விழித்திரையில் உண்டு என்று 2002-ல் காட்டினார்கள். பகலா இரவா என்று மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் சேதி சொல்பவை இவைதான். 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் அதிகம் விழித்துக்கொள்ளும். இந்தச் செல்கள் உணரும் ஒளியின் கணக்கில் 2022-ல் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை தந்தார்கள்: கண்ணில் விழும் ஒளி பகலில் குறைந்தது 250 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1.

இப்போது 20 வாட் எல்இடி டியூபை இதில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் 6500 கெல்வின் (ஒளியின் நிறம்; எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள்), சுமார் 2000 லூமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சம்) என்று போட்டிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு, தோராயமாகப் போட்டாலும், இந்தக் கணக்கில் 50 லக்ஸ் வரும். பகலுக்குத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கு. ராத்திரிக்கோ ஐந்து மடங்கு. போனைப் பார்த்துத்தான் பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது என்று திட்டுகிறோமே, அப்போது தலைக்கு மேல் எரிவதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சரி, வார்ம் ஒயிட் போட்டால் தீர்ந்ததா? நான் ஏமாந்தது இங்கேதான். டியூபைக் கழற்றிவிட்டு அதே 20 வாட்டில் மஞ்சள் டியூப் மாட்டினேன். 2700 கெல்வின் ஒளி இந்தச் செல்களை உசுப்புவது வெள்ளையில் ஏறக்குறைய பாதிதான், உண்மை. ஆனால் பாதி என்றாலும் 25 லக்ஸ். சொல்லப்போனால் 20 வாட் மஞ்சளைவிட 9 வாட் வெள்ளை பல்பு கொஞ்சம் தேவலை. நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

த்ரீ இன் ஒன் பேனல் ஃபால்ஸ் சீலிங் வைத்தவர்களின் செல்லம். சுவிட்சை அணைத்துப் போட்டால் வெள்ளை, மஞ்சள், நடுவாந்தரம் என்று மாறும். நிறம் மாறுமே தவிர வெளிச்சம் குறையாது, ஆக அதே பிரச்சினைதான். போதாததற்கு, கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடியில் எங்கள் பேனல் தானாக அடுத்த நிறத்துக்குத் தாவிவிடும்.

வைஃபை பல்பு மட்டும்தான் நிறம், அளவு இரண்டையும் குறைக்கும். மாலை 7 மணிக்கு மஞ்சள், 9 மணிக்குப் பத்து சதவீதம் என்று ஆப்பில் வைத்துவிடலாம். ஒற்றை ஆள் வீட்டுக்கு அருமை. எங்கள் வீட்டில் அம்மா சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவார், அதோடு டைமர் காலி. ஒருநாள் நடுராத்திரி 2 மணிக்குக் கரன்ட் வந்தபோது முழு வெள்ளையில் பளீரென்று எரிந்தது. கரன்ட் வந்ததும் எப்படி எரிய வேண்டும் என்று சில பல்புகளில் மாற்றி வைக்கலாம். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

விடிவிளக்கு பற்றி ஒரு வரி: நீலம் வேண்டாம், சிவப்பு போதும்.

பகல் 250-ஐ எட்ட இதில் எந்த விளக்காலும் முடியாது. வெயில் நாளில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், மேகம் மூடினாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். காலை காபியைப் பால்கனியில் குடிப்பதற்கு எந்த பல்பும் ஈடில்லை. பக்கத்து அபார்ட்மென்ட் சுவர் இரண்டடியில் நிற்கும் வீடுகளுக்கு மொட்டை மாடிதான் வழி.

கடைசியில் எங்கள் ஹாலில் நின்றது இதுதான். வெள்ளை டியூப் பழைய இடத்திலேயே, வீடு பெருக்கவும் பாடம் எழுதவும். டிவிக்குப் பின்னால், கண்ணுக்குக் கீழே, தனி சுவிட்சில் 5 வாட் மஞ்சள் பல்பு. எலெக்ட்ரீஷியன் கூலியோடு சேர்த்தும் வைஃபை பல்பைவிடக் குறைவு. அப்பாவுக்கு மட்டும் இது போதவில்லை. வயதானால் கண் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுத்துவிடும், எழுத்துக்கும் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அவர் நாற்காலி பக்கத்தில் ஒரு மேஜை விளக்கு, பேப்பர் மேல் மட்டும் விழும்படி. எட்டு மணிக்கு டியூபை அணைப்பவரும் இப்போது அவர்தான்.