பெத்சாயிதா எங்கே? எத்-தெல் மேடும் எல்-அராஜ் கரையும்

பேதுரு, அந்திரேயா, பிலிப்பு மூவரும் பெத்சாயிதா ஊர்க்காரர்கள் என்கிறது யோவான் நற்செய்தி. கலிலேயாக் கடல் என்று அழைக்கப்படும் நன்னீர் ஏரியின் வடகிழக்கு மூலையில், யோர்தான் வந்து விழும் வண்டல் சமவெளியில், அந்தப் பெயருக்கு இரண்டு இடங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று எத்-தெல்: கரையிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. உள்ளே நிற்கும் பெரிய மேடு. மற்றது எல்-அராஜ்: தண்ணீரை ஒட்டிய, புதர் மண்டிய தாழ்நிலம். எங்கள் கணிப்பில் இன்று எல்-அராஜின் கையே ஓங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் அங்கே தோண்டியெடுக்கப்பட்டு, செய்திகளில் அடிபடும் பழைய தேவாலயம் அல்ல. அந்தத் தேவாலயத்துக்குக் கீழே கிடக்கும் ரோமானிய அடுக்குதான் காரணம்.

எந்த இடத்தை எடுத்தாலும் முதலில் ஒத்துப்பார்க்க வேண்டியது யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் தரும் குறிப்புகளை. ஏரோது அரசனின் மகனான காற்பங்கு தேசாதிபதி பிலிப்பு (அப்போஸ்தலர் பிலிப்பு அல்ல) ஏரிக்கரைக் கிராமமான பெத்சாயிதாவை நகரமாக உயர்த்தி யூலியாஸ் என்று பெயரிட்டான், அங்கேயே இறந்தான் என்கிறார் அவர். ரோமுக்கு எதிரான போரில் யூலியாஸ் அருகே அவரே படை நடத்தியவர். சதுப்பில் குதிரை சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டில் அடிபட்டு, அவரைக் கப்பர்நகூம் பக்கம் தூக்கிச் சென்றார்கள். ஏரிக்கரை ஊரான தரிக்கேயாவிலிருந்து வீரர்கள் படகேறி யூலியாஸுக்கு வருவதைக் கேட்டு எதிரிகள் பின்வாங்கினார்கள் என்றும் எழுதுகிறார். ஏரிக்கரை, சதுப்பு, படகு வந்தடையும் இடம், நகரத் தகுதி: இந்த நான்கும் ஒரே இடத்தில் பொருந்தியாக வேண்டும்.

எத்-தெல்தான் பெத்சாயிதா என்று 1838இல் அடையாளம் சொன்னவர் அமெரிக்க விவிலிய அறிஞர் எட்வர்ட் ராபின்சன். 1987இல் தொல்லியலாளர் ராமி அராவ் சோதனைக் குழிகள் போட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஓமாஹா வளாகத்தோடு சேர்ந்து நீண்ட அகழாய்வு நடந்தது. முற்றம் வைத்த வீடுகள், ஈய வலைக்குண்டுகள், தூண்டில் முட்கள், வலை பின்னும் ஊசி, இன்னொரு வீட்டில் திராட்சைக் கொடி வெட்டும் அரிவாள்கள் எல்லாம் கிடைத்தன. மீனவர்கள் வாழ்ந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஏரியைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வலைக்குண்டு கிடைக்கும். அதை வைத்து ஊரின் பெயரைச் சொல்ல முடியாது.

நகரத் தகுதிக்கான சான்றோ இன்னும் மெலிவு. சுமார் 20 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கருங்கல் கட்டடத்தை, பிலிப்பு பேரரசக் குடும்பத்துக்காக எழுப்பிய கோவில் என்றார் அராவ். பக்கத்தில் கிடைத்த வெண்கலத் தூபக் கரண்டி அதற்குத் துணை. அதே வகைக் கரண்டி சாக்கடல் ஓரக் குகையில் யூத அகதிகள் விட்டுப்போன பொருள்களிலும் இருந்தது. ஆகவே கரண்டியை மட்டும் நம்பிக் கோவில் என்று முடிவுகட்ட இயலாது. எத்-தெல்லில் உண்மையிலேயே பிரமாதமானது அதற்கு 700 ஆண்டுகள் மூத்த அடுக்கு: கெசூர் நாட்டு நகரத்தின் கோட்டை வாசல், காளைத்தலை தெய்வம் செதுக்கிய கல். கி.மு. 732இல் அசீரியர்கள் அழித்த நகரம் அது. தாவீதின் மகன் அப்சலோமின் தாய் மாக்காளின் நாடு இதுதான். அதற்காகவே அந்த மேட்டைப் பார்க்கப் போகலாம்.

அதன் பெரிய சிக்கல் தூரம். அந்தக் காலத்தில் ஏரியின் காயல் மேட்டடி வரை நீண்டிருந்தது, பிறகு நிலநடுக்கமும் வண்டலும் கரையைத் தள்ளிவிட்டன என்று அந்தக் குழுவின் நிலவியலாளர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்தை எல்-அராஜின் மட்டக்கணக்கு முறிக்கிறது. அங்கே ரோமானிய அடுக்கு கடல்மட்டத்துக்கு 211 மீட்டர் கீழே கிடைத்திருக்கிறது. மனிதர்கள் உலர்ந்த தரையில் நடந்தார்கள் என்றால் ஏரி அதற்கும் கீழே நின்றிருக்க வேண்டும். அவ்வளவு இறங்கிய நீர், பல மீட்டர் உயரத்தில் இருக்கும் எத்-தெல் அடிவாரத்தை எட்டாது. மேடு மட்டும் தனியாக உயர்ந்தது என்று காட்டினால்தான் காயல் கதை நிற்கும்.

எல்-அராஜை இவ்வளவு காலம் ஒதுக்கியதற்குக் காரணம் ஆழம் போதாத குழிகள். 1980களின் இறுதியில் போட்டவை, ரோமானிய அடுக்குக்கு மேலே உள்ள பிற்காலப் பைசாந்திய அடுக்கோடு நின்றுவிட்டன. முதல் நூற்றாண்டில் இங்கே ஊரே இல்லை என்ற முடிவு பரவியது. 2016இல் கின்னரெட் கல்லூரியின் மொர்தெகாய் அவியாமும் ஸ்டீவன் நாட்லியும் தோண்டத் தொடங்கினார்கள். 2017இல் பைசாந்தியத் தரைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கீழே ரோமானியப் பானை ஓடுகள், நாணயங்கள், குளியல் மண்டபத்தின் எச்சம் ஆகியவை வெளிப்பட்டன. சாதாரண மீனவக் கிராமத்தில் குளியல் மண்டபம் இருக்காது. நகரத் தகுதிக்கு இது கோவில் கரண்டியைவிடப் பலமான சான்று.

ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். அங்கே கிடைத்த நீரோவின் வெள்ளி நாணயம் கி.பி. 65–66இல் அச்சானது, பிலிப்பு இறந்தது 34 வாக்கில். நாணயம் கிடந்த மண், அந்த ஆண்டுக்கு முன் சேர்ந்ததல்ல என்று மட்டுமே அது சொல்லும். வெள்ளிக்காசு பல பத்தாண்டுகள் கைமாறும் பொருள். பிலிப்பின் நகரத்தைக் காட்ட வேண்டுமானால் அவன் காசுகள், கலைக்கப்படாத தரையின் அடியில் வேண்டும். அங்கேதான் தண்ணீர் தடுக்கிறது. ஏரி நீர்மட்டத்துக்கு வகுத்திருக்கும் மேல் எல்லைக் கோடு கடல்மட்டக் கணக்கில் −208.8 மீட்டர், கீழ்க்கோடு −213. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ரோமானியத் தரை ஏரி மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே போய்விடும். பம்பு வைத்து இறைத்தபடி தோண்டினாலும் ஊறும் நீர் குழிச்சுவரைச் சரிக்கும், மேலடுக்கு ஓடு கீழடுக்கில் கலக்கும், காலக்கணக்கு கெடும்.

இனி தேவாலயம். பின்னாளில் ஜெர்மனியில் ஆயரான ஆங்கிலேயர் வில்லிபால்ட் 720களில் இப்பகுதிக்கு வந்தபோது பெத்சாயிதாவில் பேதுரு, அந்திரேயா வீட்டின் மேல் தேவாலயம் நின்றது என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அராஜில் 2019இல் தேவாலயம் தெரிந்தது. 2022இல் வெளியான கிரேக்க மொசைக் வாசகம் ‘பரலோக அப்போஸ்தலர்களின் தலைவர்’ என்று பேதுருவைப் போற்றுகிறது. வில்லிபால்ட் பார்த்த கட்டடம் இதுதான் என்பதற்கு வலுவான சான்று. முதல் நூற்றாண்டு வீட்டுக்கோ இது சான்றாகாது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டு வரை அராஜில் குடியிருப்பு அற்றுப்போய் வண்டல் மூடியிருந்தது. நினைவு அறுந்த பிறகு இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்களா என்ற அராவ் தரப்பின் கேள்வி நியாயமானது. கப்பர்நகூமிலும் பேதுருவின் வீட்டின் மேல் எண்கோண ஆலயம் எழுப்பினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஊர்கள் இரண்டு, நகரம் எத்-தெல், துறை எல்-அராஜ் என்ற சமரசம் 1880களில் இப்பகுதியை ஆய்ந்த ஷூமாக்கர் காலத்திலிருந்தே உண்டு. அராஜில் ரோமானியக் குளியல் மண்டபம் வந்தபின் அதற்குத் தேவை குறைந்துவிட்டது. மேற்குக் கரையில் தப்கா அருகே இன்னொரு பெத்சாயிதா என்ற பழைய யோசனைக்கு மண்ணிலிருந்து ஆதரவு வரவில்லை. வறட்சியில் ஏரி கீழ்க்கோட்டை நெருங்கும் பருவத்தில், மொசைக்கைப் பெயர்க்காமல் தேவாலயச் சுவருக்கு வெளியே ஒரு குழியை −211க்குக் கீழே இறக்க முடிந்தால், பிலிப்பின் காசு அங்கே உண்டா என்பது தெரியவரும்.