மகனுக்கு அரசுப் பள்ளி, மகளுக்குச் சபைப் பள்ளி: லான்காஸ்டரில் எங்கள் அனுபவம்

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதிக்குக் குடிவந்ததிலிருந்து நாங்கள் ஆராதனைக்குப் போவது மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை ஒன்றுக்கு. மூத்தவன் அரசுப் பள்ளியிலேயே படித்து முடித்தான். சின்னவள் இரண்டு வருடமாக மெனோனைட் பள்ளியில். எதில் சேர்ப்பது என்று சபையில் பலரும் கேட்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

பணத்தைப் பற்றி நீட்டவில்லை. அரசுப் பள்ளி இலவசம், மெனோனைட் பள்ளி கையைக் கடிக்கும், சபை கொஞ்சம் தாங்கும். பஸ்ஸுக்குக் கவலை வேண்டாம், பள்ளி மாவட்ட எல்லையிலிருந்து 10 மைலுக்குள் இருக்கும் தனியார் பள்ளிக்கும் அரசு பஸ்ஸே வரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். பாடத் தேர்வில் அரசுப் பள்ளிதான் மேல்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு. ஆயுதம் எடுப்பதில்லை என்பது மெனோனைட்டுகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து காத்துவரும் விசுவாசம். மூத்தவன் பதினோராம் வகுப்பில் இருந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் மேசை போட்டிருந்தார்கள், பக்கத்திலேயே ஒரு கம்பி, தொங்கி எழும்பினால் டி-ஷர்ட். அப்புறம் வீட்டுக்கே போன். விசாரித்தால், மத்திய அரசின் நிதி வாங்கும் பள்ளிகள், பெற்றோர் வேண்டாமென்று எழுதிக் கொடுக்காதவரை, ராணுவம் கேட்டால் மாணவரின் பெயர், முகவரி, போன் நம்பரைத் தர வேண்டுமாம். ராணுவ சேவையை மத நம்பிக்கையால் மறுக்கும் தனியார் பள்ளிகளுக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது.

காலையில் கொடி உறுதிமொழி வேறு, நாட்டுக் கொடிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வகுப்பே எழுந்து நின்று சொல்வது. எழுந்து நிற்கக் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1943லேயே சொல்லிவிட்டது, சரிதான், ஆனால் வகுப்பே எழுந்து நிற்கும்போது இவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். நான்கு வருடமும். மகள் பள்ளியில் அந்த உறுதிமொழியே கிடையாது. அங்கே அவள் எதையும் தனியாக மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ அழைப்பு வந்த மெனோனைட் இளைஞர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மாற்றுச் சேவைக்கு, அதாவது ராணுவத்துக்குப் பதிலான பொதுப்பணிக்கு, போனார்கள். லான்காஸ்டர் மெனோனைட் பள்ளி தொடங்கிய வருடம் 1942, போர் நடந்துகொண்டிருந்தபோதே. விசுவாசத்தை ஞாயிறு ஒரு நாள் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது என்ற பயம் அன்றைக்கு மூப்பர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

இன்னொன்று, பாட்டு. வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பாடுகிறார்கள். பாத்திரம் கழுவும்போது மகள் அவற்றில் தன் குரலான ஆல்ட்டோவை மட்டும் முணுமுணுப்பாள், ராகம் எனக்குப் பிடிபடாது, ஞாயிறு சபையில் மற்ற மூன்று குரலும் சேரும்போதுதான் அட, இந்தப் பாட்டா என்று தெரியும்.

பழைய முறை மெனோனைட்டுகளின் ஓரறைப் பள்ளிகளை, எட்டாம் வகுப்போடு முடிபவை, நான் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி, அவற்றைப் பற்றிப் பேச மாட்டேன். மகளுக்கும் இரண்டு வருடம்தான் ஆகிறது. மகன் தனியாக உட்கார்ந்ததில் உறுதிப்பட்டவன் என்று என் மனைவி சொல்வாள், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் கடைக்குட்டிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பது மெனோனைட் பள்ளியில்தான்.